கொம்பையாவுக்குக் கொடுத்தனுப்பிய உருண்டைகள்

உருண்டை பிடிப்பதற்குப் புதுக் கருப்பட்டிதான் நல்லது. கைச்சூட்டிலேயே இளகி, உள்ளே வைக்கிற மருந்தை முழுசாக மூடிக்கொள்ளும். பழைய கருப்பட்டி உதிர்ந்துபோகும். எங்கள் வீட்டில் கசப்பு மருந்து எதுவானாலும் அப்படித்தான் கொடுப்பது வழக்கம்.

மாஜிஸ்திரேட் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், விஷயத்துக்குத்தான் வருகிறேன். கம்பவுண்டர் அப்பாத்துரை காய்ச்சல் மருந்தான கொயினாவில் கலப்படம் செய்து, கொம்பையா என்ற மாணவனின் சாவுக்குக் காரணமானான் என்று அவனை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவன் குற்றமற்றவன். ஒருவன் செய்யாத காரியத்துக்குப் பழி சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தக் குற்றாலலிங்கம் பிள்ளை நியாயம் தவறாதவன் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அத்தோடு சண்முகசுந்தரி கட்டளைக்குக் காரியதரிசி. பிள்ளையில்லாத அந்த அம்மாள், மற்றவர்கள் கோயிலுக்குக் கட்டளை வைப்பதுபோலத் தன் நிலத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். வருஷத்துக்கு ஒரு மாணவன் அந்தப் பணத்தில் பிரயாணம் போய், ஆராய்ந்து, கட்டுரை எழுதி வரவேண்டும். நன்றாக எழுதியவனைச் சென்னைக்கு மேல்படிப்புக்கு அனுப்புவதும் கட்டளைச் செலவுதான். ஒரே ஒரு நிபந்தனை. போனவன் நோய்நொடி என்று பாதியில் திரும்பிவிட்டால், மீதிப் பணமும் பிரயாணமும் அடுத்தபடியாகத் தேறியவனுக்குப் போய்விடும்.

இந்த வருஷம் பொதிகை மலைச் செடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தீர்மானித்திருந்தோம். கடைசியில் இரண்டு மனுக்கள் நின்றன. ஒன்று என் தங்கை வடிவம்மாளின் மகன் தாணுமாலையனுடையது. அவனுக்குத்தான் என் மகள் ஞானம்பாளைக் கொடுப்பதாகப் பேச்சு. மனுவை நானே பார்த்துத் திருத்தியிருந்தேன், ஒரு குறை சொல்ல முடியாது. இன்னொன்று கொம்பையாவுடையது. கொற்கைப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பையன், தகப்பன் இல்லை. "எங்கள் வயலுக்குத் தாமிரபரணி கடைசியில்தான் வருகிறது. அது தொடங்குகிற இடத்தில் என்னவெல்லாம் முளைக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். அதை நானே இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்லவில்லை.

பிரின்ஸ்பால் துரை இரண்டும் சமம் என்றார். கமிட்டியிலிருந்த வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கொம்பையாவுக்கே கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் வக்கீல் என் தோளில் கை போட்டார். "சொந்த மருமகனத் தள்ளிட்டு ஊரான் பிள்ளைக்குத் தூக்கிக் குடுத்திட்டீரே வே. ஒம்ம மாதிரி மனுசன் உண்டுமா?" அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது. சாப்பாடுகூட வேண்டியிருக்கவில்லை.

வீட்டில்தான் நிலைமை வேறாக இருந்தது. மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை மட்டும் வந்து, "ஊருக்கு நல்லவன்னு பேரு வாங்கதுக்கு எம்பிள்ள தலையிலயா மண்ணப் போடணும், அண்ணே?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எப்போதும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறவன். ஒரு பக்கத்துக்குச் செய்தாகிவிட்டது, இன்னொரு பக்கம் பாக்கி என்று தோன்றியது.

மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கட்டளைச் செலவிலேயே கொயினா வாங்கிக் கொடுப்பது வழக்கம். அப்பாத்துரை பொட்டலம் கட்டித் தந்தான். பையன்கள் கசப்புக்குப் பயந்து கொயினாவைத் தூர எறிந்துவிடுவார்கள், அதனால் வீட்டில் வைத்து உருண்டை பிடித்துத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். பிரின்ஸ்பால் துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டில் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, உருண்டைக்குள் நிலவேம்புப் பொடியை வைத்தேன்.

நிலவேம்பு விஷமில்லை, ஐயா. நம் பெரியவர்கள் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடித்த மருந்து அது. ஊரெல்லாம் சுதேசி சுதேசி என்று கொதித்து அடங்கியிருந்த சமயம். சம்பளம் வாங்குகிற நான் வெளியே வாய் திறக்க முடியாது, ஆனாலும் எனக்கும் அந்த எண்ணம் உண்டு. சீமை மருந்துக்கு நம் மருந்து எந்த விதத்தில் குறைச்சல் என்று நினைத்தேன். மிஞ்சிப் போனால் இரண்டு நாள் குளிர்க்காய்ச்சல் வரும், பையன் இறங்கி வந்துவிடுவான், மீதி தாணுமாலையனுக்குப் போகும். இருவருமே மலையைப் பார்த்ததாக ஆகும் அல்லவா? இதைவிடச் சமமாக யார் பங்கு வைத்துவிட முடியும்?

அம்பாசமுத்திரத்துக்கு ரயிலேற்ற நானே போயிருந்தேன். கொம்பையாவின் கையில் செடிகளை அமுக்கிவைக்கிற பலகையும் ஒரு துணிப்பையும் இருந்தன. அவன் தாயார் சுடலைவடிவு என்னைக் கும்பிட்டாள். உருண்டைகளைக் கொடுத்து, காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று, விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். "சரிங்கய்யா" என்றவன் அங்கேயே ஒன்றை வாயில் போட்டுச் சிரித்தான். "கருப்பட்டி நல்லா இருக்குய்யா" என்றான்.

சாரல் பிடித்த பிறகு ஒருநாள், அவனுக்கு வழிகாட்டியாகப் போன கருத்தையா என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நனைந்திருந்தான்.

"தம்பிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடுது, ஐயா. கீழ எறங்கிருவோம்னு சொல்லுதேன், கேக்க மாட்டக்கான். எறங்குனா கட்டள போயிரும், திரும்ப எனக்கு யாரு குடுப்பாங்கான். ஐயா கையால பிடிச்ச மருந்து இருக்குல்லா, ஒண்ணுஞ் செய்யாதுங்கான். உருண்ட தீந்துட்டு. இன்னுங் கொஞ்சம் வாங்கிட்டு வரச் சொன்னான்."

இங்கேதான் என் கணக்கு பிசகிவிட்டது. எங்கள் வீட்டுப் பையன் என்றால் முதல் குளிருக்கே வண்டி பிடித்துத் தாயாரிடம் வந்திருப்பான். காய்ச்சல் வந்தவன் இறங்குவான் என்று நான் நினைத்தது எங்களை வைத்துத்தான். இறங்கினால் போனது போனதுதான் என்று நினைக்கிற வீட்டிலிருந்து வந்தவன் எப்படி இருப்பான் என்று யோசிக்கவில்லை. அதை என் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

உடனே இறங்கி வா, கட்டளை உனக்கே இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிபந்தனையை மீறிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கலாமே என்றால், காய்ச்சல் குணமானதும் முன்னால் கொடுத்தது என்ன என்ற கேள்வி வரும். கருத்தையாவை உட்காரவைத்து வயிறாரச் சோறு போடச் சொன்னேன். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னொரு தடவை உருண்டை பிடித்துவிட்டேன். அன்று வீட்டில் பழைய கருப்பட்டிதான் இருந்தது, அனல் காட்டித்தான் இளக்க வேண்டியிருந்தது. விரல் சுட்டுவிட்டது.

கொம்பையாவைப் பாபநாசத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. பலகைக்குள் செடிகள் ஒன்றுகூடக் கசங்காமல் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தான். கடைசிச் சிலவற்றில் மட்டும் எழுத்து கோணலாக இருந்தது.

சுடலைவடிவு கல்லூரிக்கு வந்தாள். அழுகையெல்லாம் ஊரிலேயே தீர்ந்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐயா, எம்பிள்ள மருந்த ஒழுங்காத் தின்னானா? சின்னதுலயே கசப்புன்னா துப்பிருவான். அதான் இப்படி ஆயிட்டோ என்னமோ."

"இல்ல. ஒரு வேளகூட விடாமத் தின்னான்" என்றேன். அது உண்மைதான். அவள் கொஞ்சம் ஆறுதலோடு போனாள் என்றே நினைக்கிறேன். அவள் போனபின் நான் வகுப்புக்குப் போகவில்லை, மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனசே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நிபந்தனைப்படி பிரயாணம் தாணுமாலையனுக்குப் போயிற்று. ஆவணியில் மலையேறினான். அதே கருத்தையாதான் கூட்டிப் போனான். ஐப்பசியில் ஒரு வாட்டமும் இல்லாமல் இறங்கி வந்தான், கட்டுரையும் மெச்சும்படி அமைந்தது. தையில் அவனுக்கும் ஞானம்பாளுக்கும் கல்யாணம் என்று வைத்திருந்தோம். அதற்குள்தான் கொம்பையாவின் பையில் மிஞ்சிக் கிடந்த ஓர் உருண்டை அவன் சேர்த்த செடிகளோடு சென்னைக்குப் பரிசோதனைக்குப் போய், அதில் கொயினாவே இல்லை என்று எழுதி வந்திருக்கிறது. எல்லோரும் அப்பாத்துரையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன், அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலவேம்பை நம்பித்தான் கொடுத்தேன் என்பதை ஐயா ஏற்றுக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். நம்பாத மருந்தை ஒரு பிள்ளைக்கு யாராவது கொடுப்பார்களா?

அப்பாத்துரை கட்டித் தந்த அந்தப் பொட்டலம் எங்கே என்று கேட்டீர்கள். இப்போது என்னிடம் இல்லை. ஆனால் அது கலப்படமில்லாத நல்ல சரக்கு என்று நான் சத்தியம் செய்வேன். ஆவணியில் புதுக் கருப்பட்டி வாங்கி, அந்தக் கொயினாவை அப்படியே உள்ளே வைத்து உருண்டை பிடித்துத் தாணுமாலையனுக்குக் கொடுத்தனுப்பினேன். மலையிலிருந்த நாளெல்லாம் அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.