‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லும் எங்கள் சந்தேகத்தம்மாவும்

மேடையில் வீற்றிருக்கும் கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தின் மேலாளர் அவர்களே, சங்கப் பெரியவர்களே, வேலை உடுப்போடு அப்படியே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகளே, வணக்கம்.

நம் மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர், எந்த வரியையும் லேசில் நம்பாததால் உங்களிடம் ‘சந்தேகத்தம்மா’ என்று பெயர் வாங்கிய அம்மையார் மறைந்துவிட்டார். அவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றே ஒன்றுதான். அவர் திருத்திய தவறுகளிலேயே பெரிய தவறு என்னுடையது!

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாளில், பாதுகாப்பு அட்டை ஒன்றைத் தமிழாக்கினேன். பெயின்டர்கள் நின்று வேலை செய்யும் தொங்கு பலகையில் ஏறுமுன் அதன் கயிற்றை ‘ஃபாஸ்ட்’ ஆக்கு என்றது ஆங்கில வரி. ஃபாஸ்ட் என்றால் வேகம், யாருக்குத் தெரியாது? ‘கயிற்றை வேகமாக இழுக்கவும்’ என்று எழுதி, அவருக்குக் காட்டாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அம்மையார் அட்டையைப் பார்த்தார்.

“இதை எங்கப்பா ஒட்டியிருக்கு?”

“தளத்துல மேடம். இப்பத்தான்.”

மூட்டுவலிக்காரர் நான்கு மாடி இறங்கி ஓடினார்! கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய பலகையில் ஒரு பெயின்டர் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏறாதீங்க! காலை எடுங்க!”

எடுத்தார். அங்கிருந்த மேஸ்திரி குனிந்து பலகையை ஒரு கையால் அழுத்தினார். கட்டப்படாத கயிறு சரசரவென்று ஓட, பலகை நாற்பதடி கீழே விழுந்து நொறுங்கியது.

“வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவன்மா நான். கப்பலுக்கு நேத்துதான் வந்தேன். அட்டையில இழுன்னு இருந்துச்சு, இழுத்தேன்” என்றார் அந்தப் பெயின்டர். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்!

அம்மையார் என்னைத் திட்டினாரா? இல்லை. மாடிக்குத் திரும்பியதும் பெரிய அகராதியைத் திறந்தார்.

“கயித்தை இறுக்கிக் கட்டுன்னுதான் அந்த வரி சொல்லுது. ஃபாஸ்ட்டோட பூர்வீகம் வேகம் இல்லப்பா, உறுதி. அசையாம நிக்கறது. சாயம் போகாத துணிக்கும் அந்தச் சொல்தான். சாப்பிடாம மனசைக் கட்டி வைக்கற விரதத்துக்கும் அதுதான். விடாப்பிடியா ஓடறவனையும் அப்படிச் சொல்லப்போய், வேகம்ங்கற அர்த்தம் பின்னால ஒட்டிக்கிச்சு.”

“அசையாததுக்கும் ஓடறதுக்கும் ஒரே சொல்லா மேடம்?”

“ஆச்சரியமா இருக்குல்ல? எனக்கு இன்னும் இருக்கு.”

எப்பேர்ப்பட்ட மனம்! ஓர் உயிரைக் காத்து அரை மணி நேரம் ஆகவில்லை, ஒரு சொல்லைப் பார்த்துக் குழந்தைபோல் வியந்து நின்றார். அன்றுமுதல், வேலை செய்பவர் வாசித்து, “புரிஞ்சுது” என்று சொல்லாத எந்த வரியையும் அவர் அச்சுக்கு விட்டதில்லை.

நண்பர்களே, அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று நாம் பேசிப் பேசி ஓய்ந்தோமே, நினைவிருக்கிறதா? நேற்று அந்தப் பலகை விபத்தின் பழைய கோப்பில் விடை கிடைத்தது. ‘தவறு செய்தவர் யார்?’ என்று நிர்வாகம் கேட்ட இடத்தில், அவர் கையெழுத்தில் ஒரே சொல்: ‘நான்.’

பதினோரு ஆண்டுகள் தினமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு நாளாவது சொன்னாரா?

தாயே, உங்கள் நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்காருகிறேன். என் பிரிவில் யார் தவறு செய்தாலும், அந்தக் கேள்விக்கு நேரே இனி என் கையெழுத்து இருக்கும்.