லோம்போக்கில் சொல்லிக்கொள்ளலாம்

— அப்ப மூணாவது நாள் கண்டிப்பா உங்கம்மாகிட்ட சொல்லிடுவீங்க.

— மூணாவது நாள்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தியூர்மா. மூணாவது நாள் வாக்குல.

— வாக்குல. இருங்க, எழுதிக்கிறேன். 'மூணாவது நாள் வாக்குல.' லோம்போக் தீவுல நாலு நாள், கடலைப் பாத்த ரூம், காலைச் சாப்பாடு, படகு, அருவி. எல்லாம் எதுக்கு? 'அம்மா, நாங்க மேடானுக்குக் குடி போறோம்'னு ஒரு வரி சொல்றதுக்கு. இங்க, சோலோவுல, இந்தக் கூடத்துல வச்சு சொன்னா அரை நிமிஷம் ஆகுமா?

— மெதுவாப் பேசு. அம்மா பின்னாடி அடுப்படில சோயா டெம்பே பொரிச்சிட்டு இருக்காங்க.

— மெதுவாத்தான் பேசுறேன். எங்க மேடான் பக்கத்து பாத்தாக் ஜனங்க ரகசியம் பேசினா இந்தச் சத்தத்துலதான் பேசுவோம்.

— அதான் உங்க ஊர்ல ரகசியமே கிடையாது. நாங்க ஜாவாக்காரங்க கெட்ட சேதிய அப்படி மூஞ்சில தூக்கிப் போட மாட்டோம். ஆளை நல்லபடியா உக்கார வச்சு, மனசு குளிர்ந்த நேரமாப் பாத்து, பதமா ஆரம்பிச்சு...

— தெரியுமே. உங்க பெரியப்பா வந்து ரெண்டு மணி நேரம் கொய்யா மரத்தப் பத்திப் பேசினாரே. இலை சுருளுது, பூ நிக்கல, பிஞ்சு உதிருது. நானும் அக்கறையா, சாம்பல் போடுங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். அவரு போனப்புறம் உங்கம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'பாவம், அவரு மகளுக்கு நிச்சயம் முறிஞ்சு போச்சு'ன்னாங்க. அந்த மனுஷன் அந்தப் பொண்ணு பேரைக்கூட எடுக்கல.

— எடுக்கணும்னு அவசியமில்லையே. அம்மாவுக்குப் புரிஞ்சுதுல்ல.

— எனக்குப் புரியல. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்த மரம்தான் கவலை. உங்களுக்குப் போய் பிரசோஜோன்னு பேரு வச்சாங்க பாருங்க. ஒளிவு மறைவு இல்லாதவன்னு அர்த்தமாம். கல்யாணத்தப்போ எங்கப்பாகிட்ட உங்க சித்தப்பா பெருமையாச் சொன்னாரு.

— கிண்டல் போதும். முதல் நாள் என்ன போட்டிருக்க?

— முதல் நாள், வந்து இறங்கறது. அன்னிக்குச் சொல்லலாமே.

— அன்னிக்கு எப்படி? அம்மா விமானத்துல வந்த களைப்புல இருப்பாங்க.

— ரெண்டாவது நாள், படகுல சின்னத் தீவுக்கு.

— அதுல சொல்லலாம். நானே நெனச்சேன். படகுல போகும்போது...

— நடுக்கடல்ல. எறங்கி ஓட முடியாதுன்னு கணக்கா?

— அப்படி இல்ல. தண்ணியப் பாத்தா மனசு லேசாகும்.

— உங்கம்மாவுக்கு வயித்தப் பொரட்டும். ஒரு கையில வாந்திப் பையப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அவங்க முதுகத் தடவிக்கிட்டு, 'அம்மா, ஒரு சந்தோஷமான விஷயம்'னு ஆரம்பிங்க. பதமா இருக்கும்.

— உங்கிட்ட போய் யோசனை கேட்டேன் பாரு.

— கேளுங்க, நல்லாக் கேளுங்க. மழைத்தூறல் விழுந்தா காத்து உடம்புல பூந்துடும்னு காதுல துணி கட்டுற பொம்பளை உங்கம்மா. ஃபேன் போட்டுத் தூங்கினாலே மறுநாள் அந்தக் காத்த எறக்க முதுகு பூரா நாணயத்தால தேச்சுச் செவப்புக் கோடு போட்டுக்குறாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க, காத்தத் தவிர வேற ஒண்ணும் இல்லாத எடத்துக்கு. நாலு நாளும் கதவைச் சாத்திட்டு, ஜன்னலச் சாத்திட்டு, திரையையும் இழுத்து விட்டுட்டு உள்ள உக்காந்து கடலப் பாப்பாங்க. சோறு வேற அந்த ஊர்ச் சோறு வேணாம்னு குக்கரத் துணில சுத்தி எடுத்துட்டு வருவாங்க.

— வயசானவங்களைக் கிண்டல் பண்ணாத.

— நான் உங்களைத்தான் பண்றேன். வாயத் தொறக்கத் துப்பில்லாம ஒரு கடலையே வாடகைக்கு எடுக்குற ஆளு. சரி, மூணாவது நாள் அருவி. அங்க சத்தத்துல நீங்க சொல்றது அவங்களுக்கே கேக்காது, உங்களுக்கு ரொம்ப சௌகரியம். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.

— நாலாவது நாள்?

— திரும்பறது. ஏர்போர்ட்ல செருப்பக் கழட்டி தட்டுல வைக்கிறப்போ சொல்லுங்க. அஞ்சு நாள் கழிச்சு இருபத்தெட்டாந்தேதி நமக்கு மேடானுக்கு விமானம். ஒண்ணாந்தேதி எங்கண்ணன் டயர் கிடங்குல நீங்க வேலைக்குச் சேரணும். இதுல எந்த நாள் வாக்குல சொல்றதா உத்தேசம்?

— எனக்கு மட்டும் ஆசையா இதெல்லாம்? அந்த மர சாமான் கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகுது. இந்த ஊர்ல எவன் எனக்கு வேலை குடுக்குறான்? போகத்தான் வேணும். ஆனா அப்பா போனப்புறம் அவங்களுக்கு என்னை விட்டா ஆளு இல்ல. ஒத்தப் புள்ள. காலைல எந்திரிச்சா அவங்க மொதல்ல கேக்குறது, 'சோஜோ காப்பி குடிச்சானா'ன்னுதான். உனக்கு அது வெளையாட்டா இருக்கு.

— வெளையாட்டு இல்ல. அப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போலாமே. கேட்டீங்களா?

— அவங்க வர மாட்டாங்க. அப்பா கல்லறை இங்க இருக்கு.

— கேட்டீங்களான்னு கேட்டேன்.

— கேட்டா, 'இல்லப்பா'ன்னு சொல்ற சங்கடம் அவங்களுக்கு. அத நாம குடுக்கக் கூடாது.

— பிரமாதம். கேட்டா சங்கடம். கேக்காம விட்டுட்டுப் போனா மரியாதை. உங்க ஊரு நாகரிகத்தக் கண்ணாடிப் பெட்டில வச்சுப் பூட்டணும், வெளிய விட்டா ஆளக் கொன்னுடும்.

— ஷ். வர்றாங்க. அந்தத் தாள மடிச்சு வையி.

— இந்தாங்க, சூடா இருக்கு. பச்சை மிளகாயோட கடிச்சுக்குங்க. என்னமோ பேசிட்டு இருந்தீங்களே, நடுவுல வந்துட்டேனா?

— இல்லம்மா, வாங்க, உக்காருங்க. லோம்போக் போறதப் பத்தித்தான். ரூம் கடலைப் பாத்தாப்ல இருக்காம்.

— நல்லாருக்கும். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.

— ரெண்டு பேர் இல்லம்மா. மூணு பேர். உங்களுக்காகத்தான் போடுறதே.

— எனக்கெதுக்குப்பா கடலு? உப்புக் காத்து. எனக்கு ஆகாது. நீங்க சின்னஞ்சிறுசுங்க.

— அதெல்லாம் பாத்துக்கலாம். ரூமுக்குள்ள காத்தே வராதாம்.

— காத்தே வராத ரூம்ல உக்கார லோம்போக் எதுக்கு, சோஜோ? அது நம்ம வீட்டுலயே இருக்கே.

— அத்தை, நான் ஒண்ணு நேராச் சொல்லிடட்டுமா?

— தியூர்மா, டெம்பே ஆறிடப் போகுது.

— ஆறட்டும். அத்தை, இவரு...

— அம்மா, இந்த மொறுமொறுப்பு எப்படி வருது? அரிசி மாவா?

— அரிசி மாவும் கொஞ்சம் கொத்தமல்லித் தூளும். ஏம்ப்பா, முப்பத்தாறு வருஷமாத் திங்குற, இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா? கண்ணு, அவனுக்கு இருமல் வருது பாரு, தண்ணி குடு. நீ சொல்ல வந்தத நான் சொல்லிடறேன். எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க எப்ப ரூமக் காலி பண்றீங்க?

— எந்த ரூம்மா?

— உங்க ரூம்தான். முன் ரூம். ஒண்ணாந்தேதி அதுக்கு ஆள் வருது. சுண்ணாம்பு அடிச்சு, மெத்தையக் காய வைக்கணும். நீங்க என்னிக்கு மேடானுக்குக் கெளம்புறீங்கன்னு தெரிஞ்சா ஆள் சொல்லி வைப்பேன்.

— அம்மா. உங்களுக்கு யாரு சொன்னா?

— நீதான் சொன்ன.

— நான் எப்ப சொன்னேன்?

— ஒரு மாசமா வேற என்ன பண்ற? கேஸ் சிலிண்டர் மாட்டக் கத்துக்குடுத்த. தண்ணி மோட்டார் சுவிட்சுல செவப்புப் பெயிண்டால பொட்டு வச்ச. என் போன்ல பக்கத்து வீட்டு நம்பரையும் டாக்டர் நம்பரையும் மேல கொண்டாந்து வச்ச. கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்ட. இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க? புரிஞ்சுக்கிட்டேன். எங்கன்னுதான் தெரியல. போன வாரம் பெட்டி வாங்கிட்டு வந்தியே, அதுல தியூர்மா அவ அண்ணன் விலாசத்த ஒட்டி வச்சிருந்தா. அவதான் எதையும் எழுதி ஒட்டுற பொண்ணாச்சே.

— அம்மா, நான் பதமாச் சொல்லலாம்னு...

— பதமாத்தான் சொல்லிட்ட. பரவால்ல விடு.

— யாரும்மா ரூமுக்கு வர்றது?

— தர்மோ இருக்காருல்ல, மூங்கில் கடைக்காரரு, அவரு பேத்தி. விதியஸ்துதி. நர்ஸ் படிக்குது. ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து பக்கமாம். அமைதியான பொண்ணு. நான் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்.

— யாரு, அந்தக் குட்டைப் பொண்ணா? நம்ம வாசல்ல கல்லாங்காய் ஆடுமே?

— அதேதான். எனக்கும் தோதா இருக்கும். வெளிப்படையாச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இப்ப தனியா ஒரு அடுப்படி வேணும்னு இருக்கு. ஆறு வருஷமா உன் பொண்டாட்டி ஊர்லேருந்து வர்ற அந்த மிளகு, நாக்கே மரத்துப் போற மிளகு, என் பாத்திரம் பூரா அந்த வாசனை. நீயும் வீட்டுலயே உக்காந்து நாள் பூரா டிவி பாக்குற. எனக்கு அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்க, பாட்டு கத்துக்குற கூட்டம் இருக்கு. நீங்க இருந்தா நான் எங்கயும் கெளம்ப முடியல. சோறு ஆக்கணும், மூடி வைக்கணும். போங்க. போய் நல்லா இருங்க. எனக்காக அழுவாச்சி மூஞ்சி வச்சுக்கிட்டுக் கடலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போக வேணாம்.

— அம்மா, நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல.

— தியூர்மாகிட்ட கத்துக்கிட்டேன். இல்லையா கண்ணு?

— ம்.

— சரி, நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன். நாளைக்கு அவங்க வீட்டு விசேஷம். வெங்காயம் உரிக்க வரச் சொன்னாங்க. தட்டக் கழுவாம வைங்க, நான் வந்து பாத்துக்குறேன். லோம்போக்குக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள ரூம் காலியானாப் போதும்.

— போயிட்டாங்களா?

— கேட்டச் சாத்திட்டாங்க.

— பாத்தியா. பாத்தியா நீ. நான் இங்க ஒரு மாசமாத் தூக்கமில்லாம வெந்துக்கிட்டு இருக்கேன். அவங்க என்னடான்னா என் ரூம அடுத்தவளுக்குப் பேசி முடிச்சிருக்காங்க. டிவி பாக்குறேனாம்.

— பாக்குறீங்கதான்.

— வேலை இல்லாதவன் வேற என்ன பாப்பான்? பெத்த புள்ள போறானேன்னு ஒரு சொட்டுக் கண்ணீரு. ஒரு 'ஐயோ'. ஒண்ணும் கிடையாது. சுண்ணாம்பு அடிக்கணுமாம். மெத்தையக் காய வைக்கணுமாம். நான் என்ன மூட்டைப்பூச்சியா? நாலு நாள் கடலு, படகு, அருவின்னு அவங்க மனசு நோகாம இருக்கத் திட்டம் போட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். அவங்களுக்கு நாம தொலஞ்சா நிம்மதி. நல்லதாப் போச்சு. எனக்கும் பாரம் எறங்குச்சு. ஒண்ணு பண்ணு, அந்தத் தாளை எடு. மூணு ஆளுன்னு போட்டத ரெண்டுன்னு மாத்து. அருவிய எடுத்துட்டு, ரெண்டு நாள் தீவுலயே தங்கற மாதிரிப் போடு. மீன் சுட்டுத் தருவாங்களாம். என்ன, எழுது. இவ்வளவு நேரம் அந்தப் பேச்சுப் பேசின, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?

— அவங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க.

— எத?

— அந்தப் பொண்ணு வர்றத. உங்களைப் பாக்கல. கவனிச்சீங்களா? என்னைப் பாத்தாங்க. என் கண்ணையே பாத்தாங்க.

— பாத்தா என்ன? மிளகு உன்னோடதுதானே.

— போன மாசம் நீங்க செமாராங் போறேன்னு உங்கம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு, மேடானுக்கு எங்கண்ணனப் பாக்கப் போனீங்கல்ல. ஒரு வாரம்.

— ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?

— அந்த வாரந்தான் விதியஸ்துதிக்குக் கல்யாணம். அவ நர்ஸ் படிப்ப முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. மாப்பிள்ளைக்கு ரொம்பத் தூரத்துல, பாப்புவாத் தீவுல வேலை, கல்யாணம் ஆன மறுநாளே ரெண்டு பேரும் கப்பலேறிட்டாங்க.

— உனக்கு யாரோ தப்பாச் சொல்லிருக்காங்க.

— யாரும் சொல்லல. நானும் உங்கம்மாவுந்தான் போனோம். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் போய், அந்தப் பொண்ணுக்குக் கொண்டை போட்டு மல்லிப்பூ வச்சு விட்டதே உங்கம்மாதான்.