வாசலில் விட்ட செருப்பு

காலை பத்தேகால். பங்குனி வெயிலில் அவித்த நெல் சீக்கிரம் காயும். எனக்குப் பிடித்த நேரம் அது.

அப்போதுதான் உமாபதி என் ரைஸ் மில் கேட்டுக்கு எதிரே, ரோட்டில் கேமராவோடு வந்து நின்றான். புத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எல்லைத் தகராறு நடந்த வருடங்களில், எங்கள் நகரியைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லும் மனுவோடு இணைப்பதற்காகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்து அலைந்தான். நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஆனால் படம் எடுக்காதே என்று கடைக்காரர்கள் துரத்தித் துரத்தி, எங்கே நின்று எடுக்கலாம் என்ற சட்டத்தை அவன் கற்றுக்கொண்டான். சித்தூர் வக்கீல் அதை எழுதிக் கொடுத்த தாள் ஒன்று எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும்.

ஒரு மாதம் முன்பு கிருஷ்ணம்மா என்ற கூலிக்காரி நெல் அவிக்கும் தொட்டியில் விழுந்து செத்தாள். குறுக்கே கிடந்த பலகை விரிசல் விட்டிருந்தது. கால் இடறியது என்று சொன்னேன். பலகையை மாற்றவில்லை, மாற்றினால் அது கெட்டுப்போனது என்று நானே ஒத்துக்கொண்டதாகும். விரிசல் கீழே போகும்படி திருப்பிப் போட்டேன். அதன்பின் ஆட்களை அதில் ஏறவிடவில்லை. நான் இரக்கமில்லாதவன் அல்ல. அவளுக்காகத் திருப்பதி போய் மொட்டையும் போட்டேன்.

அவள் புருஷன் நாகையா, கோர்ட்டுக்கு அந்தப் பலகையின் படம் வேண்டுமென்று உமாபதியை அனுப்பியிருந்தான்.

"ரோட்டுல நின்னுக்கினு இன்னாத்த எடுக்கப் போற? என் எருமையையா?" என்றேன்.

"எருமைய எடுத்தாலும் உங்கள கேக்கத் தேவல மொதலாளி. ரோடு சர்க்காருது," என்று சிரித்தான். "கேட்டத் தாண்டணும்னாதான் நீங்க சொல்லணும்."

"சொல்றேன். உள்ள வா."

ஒரு கணம் தயங்கினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். நெல் காயும் களத்தில் யாரும் செருப்போடு நடப்பதில்லை.

ஆட்கள் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர். அக்கரைக்குப் பலகை ஒன்றே வழி.

"பலக புதுசா?" என்றான்.

"மாத்தியாச்சு. பழசு அந்தாண்ட செவுத்துல சாத்திக்கிது. போய் எடு."

கேட்காமல் நுழைந்தான், தவறி விழுந்தான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன், இன்ஸ்பெக்டர். நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். பிறகு கேட்டருகே ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு, திருட்டுத்தனமாக நுழைகிறவன் இப்படிக் கழற்றி வைத்துவிட்டா போவான் என்று கேட்டீர்கள். நானும் அதைப் பார்த்திருந்தேன். எடுத்து எறிய நேரமும் இருந்தது. ஆனால் அடுத்தவன் செருப்பை நான் கையால் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

உள்ளே கூப்பிட்டது நான். விரிசல் தெரிந்தவன் நான். சாகட்டும் என்றுதான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பலகையில் ஏறு என்று நான் வாயால் அனுமதி கொடுக்கவில்லை. அதையும் எழுதுங்கள். சட்டம் தெரிந்தவன், முறையாகத்தான் கேட்டான். தொட்டி ஓரத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பலக மேல கால் வெக்கலாமா, மொதலாளி?"