‘ஓவர்மாரோ’வை வாழவைத்த தலைமைப் பதிப்பாசிரியருக்கு

சொற்களின் காவலரே, சோர்வறியாச் செம்மலே, கையெழுத்துக்குக் காத்திருக்க வைத்தே காலத்தை வென்ற கண்ணியரே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அகராதிப் பிரிவின் தலைமைப் பதிப்பாசிரியரே, வணக்கம்.

ஆயிரமாயிரம் ஆங்கிலச் சொற்களுக்கு அருந்தமிழில் பொருள் தந்த தங்களை, அவற்றுள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிப் பாராட்டவே விரும்புகிறோம். ‘ஓவர்மாரோ’. நாளை மறுநாள் என்று பொருள். ஆங்கிலேயரே எப்போதோ கைகழுவிய அந்தச் சொல் தங்களுக்கு மட்டும் செல்லப்பிள்ளை. ‘வழக்கொழிந்தது’ என்ற குறியை அதன் அருகில் போடக் கூடாதென்று, தேநீர் ஆறி ஆடை படியும்வரை எங்களோடு வாதாடினீர்கள். தாங்கள் சொன்னது சரிதான். இந்த அலுவலகத்தில் அது வழக்கொழியவே இல்லை. விடுப்பு கேட்டாலும், மின்விசிறி ஓடவில்லை என்றாலும், பதவி உயர்வு என்னாயிற்று என்றாலும் நாளை மறுநாள்தான். தாங்கள் இல்லாத நேரத்தில் தங்களுக்கு அதுதான் பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இனி எங்களை என்ன செய்துவிடப் போகிறீர்கள்.

மெய்ப்புத் திருத்தும் அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். தற்காலிக ஊழியர், அனுமதியில்லாமல் போனால் வேலை போய்விடும். ஒருநாள் தங்கள் அறை வாசலில் நின்று, “வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன் சார். கூட யாருமில்ல. நான் இருந்தாத்தான் தைரியமா உள்ள போவாரு” என்றார். அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் தங்கள் மேசையில் கிடந்தது. தங்கள் செல்லப்பிள்ளை இருந்த பக்கம். தலை நிமிராமல், “முதல்ல இது முடியட்டும்மா. நாளை மறுநாள் வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்” என்றீர்கள். அக்கா உட்கார்ந்து திருத்தினார். ஒரு பிழைகூட விடவில்லை. மறுநாள் அவர் கணவர் தனியாகவே உள்ளே போனார், திரும்பி வரவில்லை.

சொன்ன சொல் தவறாத சான்றோரே, அதற்கடுத்த நாள் தாங்கள் கையெழுத்திட்டீர்கள். விடுப்புக்கான காரணம் மட்டும் மாறியிருந்தது. பக்கம் அழகாக அச்சாகி வந்தது, தங்களுக்குப் பொன்னாடையும் கிடைத்தது. ஆண்டுகள் ஓடியும் எங்களுக்கு வயிறு எரிகிறது.

ஆயினும் மடல் என்றால் வாழ்த்தி முடிக்க வேண்டும். நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். ஒவ்வொரு இரவும் படுக்கும்போது, நாளை மறுநாள் என்ற ஒன்று தங்களுக்கு மிச்சமிருக்கட்டும். அக்காவின் கணவருக்கு அது வரவில்லை.

இப்படிக்கு,
அகராதிப் பிரிவு ஊழியர்கள்,
மெய்ப்புத் திருத்தும் அக்கா நீங்கலாக.