மீட்டர் குறைந்த கார்

பயணச் செலவுக்குக் கணக்கு எழுதுவது பல் தேய்ப்பது மாதிரி, சார். அன்றன்றைக்குச் செய்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான்.

என் தங்கை புருஷனுக்கு அது வரவே இல்லை. பம்ப் விற்கும் எங்கள் கம்பெனியில் கணக்கு என் பொறுப்பு, விற்பனை அவருடையது. வருஷக் கடைசியில் பெட்ரோல் ரசீதுகளைக் கசங்கிய உருண்டைகளாகக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டுவார்.

"மச்சான், உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. நீங்களே எழுதிக்கோங்களேன்."

வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் அவரே எழுதினார், போகாத ஊர்களையெல்லாம் சேர்த்து. அதை நம்பி வரி விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட்டது நான்.

வரி அதிகாரி நேரில் வருகிறார், அவர் ஓட்டும் கம்பெனிக் காரையும் பார்ப்பார் என்று தகவல் வந்த பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். எழுதியதைவிட ஓடியது இரண்டாயிரம் கிலோமீட்டர் குறைவு. ஜெயிலுக்குப் போவது என் கையெழுத்து.

மீட்டரைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். நான் மோசடி செய்கிறவன் இல்லை.

"எழுதினதை ஓட்டி முடிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே கிளம்பினார்.

இரண்டாம் நாள் பிரேக் சத்தம் போடுகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மெக்கானிக் எனக்குப் போன் செய்தார்.

"பிரேக் கட்டை சுத்தமா தேஞ்சுபோச்சு சார், எப்ப வேணும்னாலும் பிடிக்காம போயிடும். மாத்தாம ரோட்டுல இறக்காதீங்க. உயிர் விஷயம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் பில்லில் தேதியோடு மீட்டர் எண்ணும் அச்சாகிவிடுமே. அதிகாரி வந்துபோன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, நானே போய்க் காரை எடுத்து வந்தேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி, மாட்டு வண்டி வேகத்தில்.

"பிரேக் சரியாயிடுச்சா மச்சான்?"

"ஆச்சு" என்று சாவியைக் கொடுத்தேன். "மலைப் பக்கமா போங்க. அங்கேதான் நிறைய எழுதியிருக்கீங்க."

தங்கையும் கூட வருவதாகப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குடும்பத்தோடு போனால் அது தொழில் பயணமாகாது என்று நிறுத்திவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

தகவல் கிடைத்து நான் போனபோது மலைச் சரிவில் கார் கவிழ்ந்து கிடந்தது. எல்லோரும் அவரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து மீட்டரைப் பார்த்தேன். இன்னும் நானூறு கிலோமீட்டர் பாக்கி.

அந்த மனிதருக்கு எந்த வேலையையும் முழுசாக முடித்துப் பழக்கமே இல்லை, சார்.