இனிக்கும் மூச்சு

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பேருந்தில், யாரோ ஏற்றிய கூடையிலிருந்து கனிந்த வாழைப்பழ மணம் எழுந்தது. முன் இருக்கையிலிருந்த நர்சிங் மாணவி, உடன் படிக்கும் தோழியிடம் சொன்னாள்:

“ஏட்டி, நேத்து நம்ம ஆஸ்பத்திரியில மயங்கிக் கெடந்த அண்ணாச்சிக்கு மூச்சு இப்பிடித்தான் இனிச்சுது. எங்க சினையாடு தீனி எடுக்காமக் கெடந்தப்பவும் இதே மணந்தான். டாக்டர்ட்ட அப்பிடியே சொன்னேன்.”

“ஆட்டையா சொன்னே? சிரிக்கலியா?”

“சிரிச்சாவ. பொறவு குனிஞ்சு மோந்துட்டு, ஒடனே சுகர் பாக்கச் சொன்னாவ. எக்கச்சக்கமா ஏறிக் கெடந்துச்சு. டிரிப்ஸும் இன்சுலினும் போட்டு, இன்னைக்குக் காலையில கண்ண முழிச்சிட்டாவட்டி! பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்பிட்டாவ.”

ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடிப்புகள் நெடுக ஓடின. தன் ஊர் வந்ததும் தோழி எழுந்து நின்று சொன்னாள்:

“அவியளக் கட்டில்ல ஏத்துனதே நாந்தான். குடிகாரன்னு நெனச்சு மூக்கப் பொத்திக்கிட்டேன்ட்டி. வாரேன்.”