கணுக்காலும் மூன்று பாண்ட்டும்

மாதுங்கா பஸ் க்யூவில் எனக்கு முன்னால் கைத்தடியோடு நின்ற மாமி, பக்கத்தில் நின்ற தோழியிடம் துள்ளாத குறையாகச் சொன்னாள்.

"கணுக்கால் சரியாகணும்னுதான் எங்காத்துக்காரரோட மூணு பாண்ட்டையும் பிரிச்சேன்!"

"என்னடி உளர்றே?"

"ஆபரேஷனுக்கப்புறம் கால் கட்டையா வெறைச்சுப் போச்சோன்னோ? பாதத்தை மேலும் கீழும் அசைக்கணும்னார் டாக்டர். பத்து தடவைக்குள்ளே வலி உயிர் போகும். தையல் மெஷினை மிதிச்சா, தையல் முடியறவரைக்கும் வலி ஞாபகமே வரலை!"

"அதுக்குப் பாண்ட்டை ஏன் பிரிக்கணும்?"

"தலகாணி உறை, பக்கத்தாத்துப் பாவாடை எல்லாம் தைச்சாச்சு. ஆத்துலே வேறே துணியில்லே, பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம்னுதான். இன்னிக்குக் கார்த்தாலே குத்துக்காலிட்டு உக்காந்து கோலம் போட்டேன்டி! குதிகால் தரையிலே பட்டுது!"

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"கோலத்தைப் பார்த்துக் கண் கலங்கிட்டார். அப்புறம் வேஷ்டியோடயே ஆபீஸுக்குப் போனார்."